கிரீகின் இறுதிப் பாட்டுக்கள்: காலமும் சுருதியும் மெய்ப்பாடும்

மேனாட்டு இசையைப் பயிலப் புகும் மாணாக்கருக்கு முதல் வாரத்திலேயே புகட்டப்படும் பாடம் ஒன்றுண்டு. ‘மேஜர்’ எனப்படும் சுரவரிசை களிப்புக்குரியது. ‘மைனர்’ எனப்படுவது துயரத்துக்குரியது. துரித காலம் உவகையையும், சவுக்க காலம் ஏக்கத்தையும் விளைக்கும் என்பது அப்பாடம். ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொரு பாட்டாக ஒத்துப் பார்ப்பின் பலவற்றிற்கு இது பொருந்தியே நிற்கும். ஆதலின் மாணாக்கர் இதனை ஒரு சூத்திரமாகவே நெஞ்சில் இருத்திக்கொள்வர். பின்னர்ப் பாடகர் குழுவிற் சேர்ந்து பாடுங்காலத்தும், மைனர் பாட்டென்றால் முகத்தை வாடவிட்டும், மேஜர் பாட்டென்றால் குரலை உரக்க எழுப்பியும் பாடத் தலைப்படுவர். சொல் யாது கூறுகின்றது, இசையாக்கியோன் எதனைக் கருதினான் என்னும் வினாக்கள் அவர்க்கு எழுவதேயில்லை.

இச்சூத்திரத்தை ஒரு பாட்டினைக் கல்லாக வைத்து உரைத்துப் பார்க்க விரும்புகின்றோம். நார்வே நாட்டு இசைப்புலவர் எட்வர்ட் கிரீக் 1906ஆம் ஆண்டில் இயற்றிய ‘நான்கு ஞானப்பாட்டுக்கள்’ என்னும் தொகுதியில் அது இரண்டாவதாக நிற்பது. ‘தேவகுமாரன் என்னை விடுதலையாக்கினார்’ என்பது அதன் பெயர்ப்பொருள். வாத்தியத் துணை யாதுமின்றி, ஆண் பெண் குரல்கள் கலந்த குழுவும், ‘பாரிடோன்’ எனப்படும் இடைத்தரமான ஆண்குரல் ஒன்றும் பாடுதற்கென அமைந்தது. அவர் முடித்துவைத்த கடைசி நூலும் இத்தொகுதியே.

கிரீகின் பெயர் நம் மாணவர் பலர்க்குப் புதிதன்று. பியானோ பயில்வோர் அவருடைய சிறு இசைத்துணுக்குகளை அறிவர். இப்சனின் ‘பேர் கிந்த்’ நாடகத்துக்கு அவர் அமைத்த இசை 1876இல் முதன்முதல் மேடையேறியது முதலாக உலகெங்கும் பரவியுள்ளது. அவர் 1843இல் பெர்கன் நகரிற் பிறந்து, பதினைந்தாம் வயதில் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரத்து இசைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1860இல் மார்புநோயால் வருந்தி, இடப்பக்கத்து நுரையீரலை ஏறக்குறைய முற்றிலும் இழந்தார். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் உயிர்த்தது எஞ்சிய ஒரு நுரையீரலைக்கொண்டே. பிறருடைய மூச்சை நம்பியே நிற்கும் கலை பாடகர் குழுவின் கலை. மூச்சுக்கு வறுமையுற்ற ஒருவர் தம் கடைசி உழைப்பை அக்கலைக்கே அளித்தார் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு ஒரு வியப்புண்டு.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. கிரீக் தம் நாட்டுத் திருச்சபையின் கோட்பாடுகளை அப்படியே ஏற்றவரல்லர். 1888இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குச் சென்றிருந்தபோது, திரியேகத்துவத்தை ஏலாத யூனிட்டேரியன் கொள்கையின்பால் ஈர்க்கப்பட்டு, அதிலேயே நிலைத்துவிட்டார். அத்தகையவர் ‘தேவகுமாரன்’ என்று தொடங்கும் பாட்டை ஏன் எடுத்தார் என்று வினவுவோர் உளர். பாட்டின் இசையமைப்பே இதற்கு ஒருவாறு விடை தருகின்றதென்பது எம் கருத்து. அதனைப் பின்னர்க் காண்போம்.

பாட்டுக்களின் மெட்டுக்கள் கிரீகின் சொந்தப் படைப்பல்ல. நார்வேயின் பழைய ஆலய மெட்டுக்களைத் தழுவிச் சுதந்தரமாக அமைத்தன. அம்மெட்டுக்களைத் திரட்டி வைத்தவர் லுட்விக் மத்தியாஸ் லின்டமன் என்பவர். அவர் கிறிஸ்தியானியா நகரத்து (1925 முதல் அந்நகரின் பெயர் ஓஸ்லோ) ஆலயமொன்றில் ஆர்கன் வாசித்தவர். 1848இல் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, எழுத்தறியாத முதியோர் வாயிலிருந்து வந்த பாட்டுக்களைக் கேட்டு எழுதத் தொடங்கினார். 1853 முதல் அவற்றைப் பகுதி பகுதியாக அச்சிட்டார். அச்சுப் புத்தகத்தில் நேராக நிற்கும் ஞானப்பாட்டு, அம்முதியோர் வாயில் வளைந்தும் நெளிந்தும், ஒரு சொல்லுக்குப் பல சுரங்கள் பெற்றும் ஒலித்தது. ஒரு தலைமுறை தாமதித்திருப்பின் அவற்றுட் பல அம்முதியோரோடு மறைந்திருக்கும்.

காலப்பிரமாணத்தைப் பற்றிப் பேசப் புகுந்த நாம், அந்நாட்டில் அதனையொட்டியே ஒரு பெரும் வழக்கு நடந்ததென்பதை அறிதல் வேண்டும். ஆலயங்களில் மக்கள் பாட்டுக்களை மிக மெல்ல, ஒவ்வோர் அசையையும் ஒரே அளவாக நீட்டிப் பாடிவந்தனர். இது உயிரற்ற பாட்டென்றும், லூத்தர் காலத்தில் இருந்தபடி குறிலும் நெடிலும் விரவிய துள்ளல் நடைக்கே திரும்பவேண்டுமென்றும் வாதித்தார் யோஹான் டீடரிக் பெரன்ஸ் என்பவர். 1845இல் கிறிஸ்தியானியாவில் மாணவர் பாடகர் சங்கத்தை நிறுவியவர் இவரே என்பது நம் கல்லூரி மாணவர்க்கு இனிக்கும் செய்தியாகும். மாணவரைப் பாடுவித்துப் பழகியவர் விரைந்த நடையை விரும்பியதில் வியப்பென்ன? லின்டமனோ எதிர்க்கட்சி, ஒத்த அளவுடைய நடையே சபையார் அனைவரும் கூடிப் பாடுதற்கு ஏற்றதென்றார். நெடுநாள் நடந்த வழக்கின் முடிவில், 1870களில் வெளிவந்த லின்டமனின் இசைப் புத்தகமே பெரும்பாலான ஆலயங்களில் நிலைபெற்றது.

இவ்வழக்கை இளமையில் அறிந்து வளர்ந்த கிரீக், இரண்டாவது பாட்டில் எந்நடையைக் கொண்டார்? லின்டமன் திரட்டிய மெட்டை எடுத்து, பெரன்ஸ் விரும்பியதைப்போன்ற நடையில் ஓடவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பாட்டின் தொடக்கம் துள்ளிச் செல்வது. கூத்துக்குரிய கால்வைப்பு அதில் உண்டு. ஆலயத்துக்குள் மெல்ல நுழையும் பாட்டன்று. கதவைத் தள்ளிக்கொண்டு வரும் பாட்டு. சாத்தானின் கொடுங்கோன்மையும், பாவத்தின் கட்டும், மரணத்தின் அச்சமும் நீங்கினவென்று கூறும் சொற்களுக்கு இந்நடை தகுவதே.

சொற்களை இயற்றியவர் ஹான்ஸ் அடால்ஃப் புரோர்சன் (1694–1764) என்னும் டேனிஷ் அத்தியட்சர். ரீபே நகரில் 1741 முதல் அப்பதவி வகித்தவர். உள்ளத்தின் உருக்கத்தையும் தனிமனிதன் பெறும் மனந்திரும்புதலையும் முதன்மையாகக் கொண்ட ‘பியட்டிசம்’ என்னும் பக்தி இயக்கத்தின் சிறந்த கவி அவர். ஜெர்மனியில் ஹாலே நகரில் வேரூன்றிய அவ்வியக்கத்தின் கிளையொன்றே, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில், சீகன்பால்கு ஐயரையும் புளுட்சோ ஐயரையும் 1706இல் தரங்கம்பாடிக்குக் கொணர்ந்தது. அவர்கள் கரையிறங்கிய ஆண்டில் புரோர்சன் பன்னிரண்டு வயதுச் சிறுவர். அவ்வாண்டுக்குச் சரியாக இருநூறாண்டின் பின் கிரீக் அவர் பாட்டுக்கு இசை வகுத்தார். தரங்கம்பாடியிற் பாடப்பெற்ற ஞானப்பாட்டுக்களும் இப்பாட்டும் ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரு கால்கள் எனலாம்.

இனிச் சுருதிக்கு வருவோம். பாட்டு ‘பி-பிளாட் மேஜர்’ என்னும் நிலையில் அமைந்தது. நம்மவர் ஆறரைக் கட்டை என்பதே ‘பி-பிளாட்’. அதனை ஆதார ஷட்ஜமாகக் கொண்டு சங்கராபரணத்தின் சுரங்களை வரிசையாக எழுப்பினால் ‘பி-பிளாட் மேஜர்’ கிடைக்கும். அதே ஷட்ஜத்தில் நடபைரவியின் சுரங்களை எழுப்பினால் ‘பி-பிளாட் மைனர்’. (சில இடங்களில் நிஷாதத்தை உயர்த்திக் கீரவாணியைப் போலாக்குவதும் உண்டு.) நம் இராகம் வேறு, அவர் ‘கீ’ என்பது வேறு, கமகமும் சஞ்சாரமும் இன்றி இராகமில்லை. ஆயினும் சுரங்களின் கணக்கு மட்டில் இவ்வொப்புமை பிழைபடாது.

இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குக. ஷட்ஜம், ரிஷபம், மத்தியமம், பஞ்சமம் என்னும் நான்கும் இரண்டிற்கும் பொது. காந்தாரம், தைவதம், நிஷாதம் என்னும் மூன்றே வேறுபடுவன. மேஜரில் இருப்பதைவிட மைனரில் அவை அரைச்சுரம் தாழ்ந்தவை. வீட்டிற்குத் தூண் நான்கும் ஒன்றே. சாளரம் மூன்றும் வேறு. அம்மூன்றினுள்ளும் காந்தாரமே தலைமையானது. ஆர்மோனியம் உடையோர் ஆறரைக் கட்டையின் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அழுத்திக்கொண்டு, இடையில் அந்தர காந்தாரத்தை ஒருமுறையும் சாதாரண காந்தாரத்தை ஒருமுறையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பாராக. ஒரு விரல் ஓர் அரைச்சுரம் நகர்ந்த அளவில் அறையின் ஒளியே மாறியதுபோல் தோன்றும். முதல்வாரப் பாடத்தின் வலியெல்லாம் அந்த ஒரு விரலில் அடங்கியுள்ளது.

இனி அவ்விரு காந்தாரங்களையும் ஒருங்கே அழுத்துக. செவி உடனே முகஞ்சுளிக்கும். இக்காலத்து அளவின்படி நடுஸ்தாயியில் ஒரு காந்தாரம் விநாடிக்கு ஏறக்குறைய 294 அதிர்வும், மற்றது ஏறக்குறைய 277 அதிர்வும் உடையன. இரண்டும் சேர்ந்தால் அவற்றின் வேறுபாடாகிய பதினாறு பதினேழு துடிப்புக்கள் ஒவ்வொரு விநாடியிலும் எழுந்து ஒலியைக் கரகரப்பாக்கும். இது ரசனைக் குறைவன்று, காற்றின் இயல்பு.

கிரீக் செய்தது யாதெனில், பாட்டின் நடுப்பகுதியில் தனிக்குரலோனை மேஜரிலேயே நிறுத்திக் குழுவை மைனரில் பாடவைத்தமையே. ஷட்ஜம் இருவர்க்கும் ஒன்று. ஒருவன் சங்கராபரணத்தின் சுரங்களிற் செல்ல, அவனைச் சூழ்ந்தோர் நடபைரவியின் சுரங்களிற் செல்கின்றனர். ஒருவர்பின் ஒருவராக அன்று, ஒரே நேரத்தில்.

மேஜர் களிப்பு, மைனர் துயரம் என்ற மாணவரை இவ்விடத்தில் நிறுத்தி, ‘இங்கே உள்ளது களிப்போ துயரமோ?’ என்று கேட்கலாம். இரண்டையும் கூட்டி இரண்டாற் பகுத்தால் வருவது யாதென்று கணக்கிடுதல் இயலாது. விடுதலை பெற்றேனென்று ஒருவன் சாற்றுகின்றான். அவனைச் சுற்றியுள்ள உலகம் விடுதலையின் சுரத்தை இன்னும் அறியவில்லை. அல்லது, குழுவையும் தனிக்குரலையும் ஒரே மனிதனின் இரண்டு பாகங்களாகக் கொள்ளினும் இழுக்கில்லை: வாய் விடுதலையைப் பாடுகின்றது, உள்ளே பழைய அச்சம் முனகுகின்றது. இவ்விரண்டாவது பொருளே எமக்கு உவப்பானது. சபையின் கோட்பாட்டை விட்டு விலகியும் சபையின் மெட்டை விட்டு விலக மாட்டாத ஒருவர், அறுபத்துமூன்றாம் வயதில், நலிந்த உடலோடு எழுதிய பாட்டன்றோ? நம்பினேன் என்று மட்டும் எழுதியிருப்பின் அது அவருக்குப் பொய்யாகும். நம்பவில்லை என்று மட்டும் எழுதியிருப்பின் அம்மெட்டுக்குப் பொய்யாகும். மேலே குறித்த வினாவுக்கு யாம் கண்ட விடை இதுவே. பிறர் வேறு காணலாம்.

மெய்ப்பாட்டைச் சுருதியின் தலையில் ஏற்றும் வழக்கம் பழையது. ஜெர்மானிய அறிஞர் ஷூபர்ட் (புகழ்பெற்ற பாட்டியற்றிய ஷூபர்ட்டின் வேறானவர், 1791இல் இறந்தவர்) எழுதி, 1806இல் வெளிவந்த நூலொன்று ஒவ்வொரு சுருதிநிலைக்கும் ஒரு குணம் வகுத்துள்ளது. அதன்படி பி-பிளாட் மேஜர் மகிழ்ந்த அன்புக்கும், மாசற்ற மனச்சாட்சிக்கும், மேலான உலகைப் பற்றிய நம்பிக்கைக்கும் உரியது. பி-பிளாட் மைனரோ இருளுடை போர்த்து, கடவுளையும் உலகையும் எள்ளி, தன்னிடத்தும் நிறைவு காணாத ஒரு விந்தைப் பிராணி. நம் பாட்டுக்கு இது வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றதென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் யாம் இதனை முழுதும் நம்போம். ஏனெனில் ‘பி-பிளாட்’ என்னும் ஒலியே காலந்தோறும் இடம் பெயர்ந்துள்ளது. பிரெஞ்சு அரசாங்கம் 1859இல் ‘ஏ’ என்னும் சுரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வு என்று விதித்தது. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. அதற்கு முன்போ ஊருக்கு ஓரளவு. குணம் சுருதியின் உயரத்தில் இருப்பின், அளவு மாறுந்தோறும் பாட்டின் குணமும் மாறியிருத்தல் வேண்டும். வாத்தியமின்றிப் பாடும் குழுவோ பாட்டு முடிவதற்குள் அரைச்சுரம் இறங்கிவிடுவதும் உண்டு. அதனால் பாட்டின் பொருள் இறங்கிவிடுவதில்லை. ஆகவே மெய்ப்பாடு சுரத்தின் உயரத்தில் இல்லை. ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள உறவில் ஒரு பங்கும், அவ்வுறவைச் சொல்லோடும் காலத்தோடும் பிணைத்த இடத்தில் மறுபங்குமாக உள்ளது.

இருசுருதிப் புணர்ப்பைப் பின்வந்தோர் பெரிதும் கையாண்டனர். ஹங்கேரியப் புலவர் பார்டோக் 1908இல் எழுதிய பியானோ நூலின் முதற்பாடத்தில் வலக்கைக்கு ஒரு சுருதிக்குறியும் இடக்கைக்கு வேறொன்றும் இட்டார். ஸ்டிராவின்ஸ்கியின் ‘பெத்ருஷ்கா’ 1911இல் வந்தது. மோட்சார்ட் 1787இலேயே, தேர்ச்சியற்ற வாத்தியக்காரரை எள்ளுதற்பொருட்டு, ஒரு வாத்திய இசையைப் பல சுருதிகள் மோதும்படி முடித்துள்ளார். நகைப்புக்குப் பயன்பட்ட ஒன்றை நார்வேயின் கிழவர், பார்டோக்கிற்கு இரண்டாண்டு முன்னரே, ஆலயப் பாட்டில் எடுத்தாண்டார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

நிற்க. இதனைப் பாட முயல்வோர்க்குச் சில கூறுதல் தகும். முதலாவது இடர் இரக்கத்தால் வருவது. இரு கட்சியாரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, கரகரப்பைப் பொறாது, தம்மையறியாமலே இடைப்பட்ட ஒரு காந்தாரத்துக்கு வழுக்கிவிடுவர். அப்போது செவிக்கு நோவு குறையும், பாட்டோ இறந்துபோம். இதற்கு மருந்து, பொதுவான நான்கு சுரங்களையும் முதலில் எல்லோரும் கூடிப் பாடி உறுதிசெய்தல், பின்னர்க் குழுவைத் தனியே, தனிக்குரலைத் தனியே, தத்தம் காந்தாரத்தை ஷட்ஜத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பாடப் பழக்குதல், அதன்பின்னரே சேர்த்தல். பாடுவோன் எதிர்க்கட்சியின் காந்தாரத்தைச் செவிமடுத்தல் ஆகாது. தன் ஷட்ஜத்தையே செவிமடுத்தல் வேண்டும். இரண்டாவது இடர் வீரத்தால் வருவது. தனிக்குரலோன், தானே வெல்லவேண்டியவன் என்றெண்ணிக் குழுவை அமிழ்த்திவிடுவான். இசையாக்கியோன் அவ்விடத்தில் வெற்றியைக் கேட்கவில்லை. துள்ளும் முதற்பகுதி முடிவில் மீண்டும் வரும்போது அதற்கு இடமுண்டு.

இவ்விடத்திற் காலப்பிரமாணம் ஏன் தலையாய பொருளாகின்றதென்பதும் விளங்கும். நடுப்பகுதியை மிக விரைந்து பாடினால் இரண்டு காந்தாரங்களும் செவியிற் பதியுமுன் ஓடிவிடும். கேட்போர் யாரோ பிழைபடப் பாடினரென்று எண்ணுவர். மிக நீட்டினாலோ, கரகரப்பு ஒரு சொல்லாக நில்லாது வெறும் நோவாகிவிடும். வாக்கியத்தின் போக்கு அறுபடாமல், ஒவ்வொரு மோதலையும் செவி ஏற்றுக்கொண்டு கடக்கும் அளவே தக்க அளவு. அதனைக் கருவி காட்டாது. மேல்செல் என்பவர் 1815இல் உரிமை பெற்ற காலங்காட்டும் கருவி, பயிற்சியில் நடை தளராதிருக்க உதவும். ஆனால் ஒவ்வோர் அறையின் எதிரொலியும் வேறாதலின், பெரிய ஆலயத்துக்குச் சற்று நிதானித்தும் சிறிய மண்டபத்துக்குச் சற்று முடுக்கியும் பாட வேண்டியிருக்கும்.

தொகுதியின் ஏனை மூன்றையும் பற்றி விரித்துரைக்க இடமில்லை. முதலாவதும் புரோர்சனுடையதே, ஆண்டவரின் அழகைப் போற்றுவது. மூன்றாவது, 1569இல் டேனிஷ் மக்களுக்குப் பாட்டுப்புத்தகம் தொகுத்தளித்த ஹான்ஸ் தொமிஸ்ஸனின் பழம்பாட்டு. நான்காவதைப் பற்றி மட்டும் சிறிது கூறி அமைவோம்.

‘பரலோகத்திலே’ என்னும் அந்நான்காம் பாட்டின் சொற்கள், லௌரென்டியஸ் லௌரினுஸ் என்னும் சுவீடன் நாட்டுக் குருவானவர், தம் மனைவி இறந்தபோது இயற்றியன என்பர். 1905இல் நார்வே சுவீடனோடிருந்த அரசிணைப்பை முறித்துக்கொண்டது; மறு ஆண்டிலேயே நார்வேயின் பெரும் இசைப்புலவர் சுவீடன் குருவின் பாட்டை எடுத்துத் தம் தொகுதிக்கு முடிவாக வைத்தார். இப்பாட்டு மிகச் சவுக்கமானது. சூத்திரத்தின்படி சவுக்க காலம் ஏக்கத்துக்குரியது. பிறந்த காரணமும் துக்கமே. இருந்தும் கேட்போர் நெஞ்சில் ஏக்கம் எழுவதில்லை. ஒளியை நெடுநேரம் உற்று நோக்குவோர்க்கு உண்டாகும் அமைதி எழுகின்றது. விரைந்து சென்றால் அவ்வொளி கண்ணிற் பதியாது என்பதற்காகவே கிரீக் மெல்ல நடக்கின்றார் போலும்.

பாடுவோர்க்கு இதுவே நான்கினுள்ளும் அரிது. வாக்கியங்கள் நீண்டவை; ஒருவர் மூச்சில் அடங்கா. ஒவ்வொரு குரற்பகுதியிலும் அருகருகே நிற்பவர் இருவர் ஒரே இடத்தில் மூச்செடுத்தல் கூடாது; ஒருவர் எடுக்கும்போது மற்றவர் தாங்குதல் வேண்டும். சொல்லின் நடுவில் ஓசைப்படாமல் நின்று, மூச்சு வாங்கி, அண்டையார் குரலின் அடியில் மெல்ல மீண்டும் நுழைதல் வேண்டும். முன்னரே பென்சிலால் அவரவர் தாளில் இடங்குறித்துக்கொள்வது நலம்.